மீசை ஸ்டாப்பிங்

எங்கள் ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. மேலூர்ப் பக்கமிருந்து வரும் சாலையில், திருப்பத்தில், நெடுஞ்சாலைத் துறை அதைப் பலகையில் எழுதி நட்டு வைத்திருந்தது. இப்போது அந்தப் பலகையைக் காணோம். திருடு போகவில்லை. மீசைக்குப் பின்னால் இருக்கிறது.

பத்தடி அகலம், பன்னிரண்டடி உயரம். அதில் முக்கால்வாசி மீசை. மேலே கூலிங் கிளாஸ், கீழே கூப்பிய கை. ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பிறந்தநாள். பிறந்தநாள் ஒரே நாளில் முடிந்துவிட்டது. வாழ்த்து முடியவில்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஒரு கண் வெளுத்து, இன்னும் எங்களைக் கும்பிட்டுக்கொண்டே நிற்கிறார். எதற்குக் கும்பிடுகிறார் என்று அவருக்கும் மறந்திருக்கும்.

பழைய கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் விசில் அடிப்பார்கள். புதிதாக இந்த ரூட்டுக்கு வந்தவர் பலகையைத் தேடினார். கிடைத்தது மீசைதான். "மீசையெல்லாம் எறங்கு!" என்றார். பஸ்ஸே சிரித்தது. மறுநாளிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. பழகிவிட்டது. இப்போது பெரியவர்களே "ஒரு மீசை குடுப்பா" என்று டிக்கெட் கேட்கிறார்கள்.

ஓர் ஊரின் பெயரை மாற்ற அரசாணை வேண்டும். கெஜட்டில் வர வேண்டும். கோப்பு பல மேஜைகளில் தூங்கி எழ வேண்டும். பிளக்ஸ் கடைக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. சதுர அடி பத்து, பன்னிரண்டு ரூபாய். சவுக்குக் கம்பு, கட்டுக்கம்பி, கூலி, ஆட்டோ வாடகை எல்லாம் சேர்த்தாலும் மூவாயிரத்தைத் தாண்டாது. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துப் பெயர் மூவாயிரத்துக்குப் போய்விட்டது. ஏலம் விட்டிருந்தால் கூடக் கேட்டிருப்பார்கள்.

பேனருக்கு ஓர் இலக்கணம் உண்டு. தொல்காப்பியத்தை மீறினாலும் அதை மீற முடியாது. உச்சியில் வரிசையாக, தபால்தலை அளவில், மறைந்த தலைவர்கள். அவர்களால் ஆட்சேபிக்க முடியாது. அடுத்து இருக்கும் தலைவர், சற்றுப் பெரிதாக. அப்புறம் மாவட்டம், அப்புறம் ஒன்றியம், படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே வரும். நடுவில் காசு போட்டவர், ஆளுயரத்துக்கு இரு மடங்காக, எங்களை நோக்கி நடந்து வருவார். நேரில் அவர் நடந்து நாங்கள் பார்த்ததில்லை. காரில்தான் வருவார். கண்ணாடி ஏற்றியிருக்கும்.

கடைசியில் 'இவண்' என்று போட்டு இருபத்தாறு தலைகள். 'இவண்' என்றால் 'இவ்விடம்' என்று பொருள். செம்மொழி. அந்த இருபத்தாறு பேரில் எத்தனை பேர் இவ்விடம் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். பாதிப் பேர் திருப்பூர்.

தலையின் அளவு அரை அங்குலம் குறைந்தால் கோஷ்டி பிரியும். குழாயில் நான்கு நாள் தண்ணீர் வராதபோது எங்கள் ஊரில் யாரும் யார் சட்டையையும் பிடித்ததில்லை. தலை சின்னதாகப் போனதற்குப் பிடித்திருக்கிறார்கள். என் கண்ணால் பார்த்தேன். சட்டைக்குப் பொத்தான் மிஞ்சவில்லை.

மீசைக்காரருக்குப் போட்டிருக்கும் பட்டம் 'கழகத்தின் தூணே'. எந்தக் கழகம் என்று சொல்ல மாட்டேன். எதுவாக இருந்தால் உங்களுக்கு என்ன? உங்கள் ஊர்த் தூண் எந்தக் கழகமோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூண் எதில் சாய்ந்து நிற்கிறது என்பதுதான் விசேஷம். மின்வாரியக் கம்பத்தில். கட்டுக்கம்பி போட்டு மூன்று இடத்தில் இறுக்கியிருக்கிறார்கள். கம்பியை அறுத்தால் தூண் சாக்கடையில் விழும்.

கட்சிக்காரர்களை மட்டும் திட்டினால் அது அநியாயம். எங்கள் கண்மாய்க்கரையில் வரிசையாகப் பனை நிற்கிறது. தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்ட வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கைதட்டினோம். ஆணி அடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம் போலிருக்கிறது. ஒரே ஒரு பனையில் எண்ணிப் பார்த்தேன். பதினேழு ஆணி. பலகை நான்குதான். மூலம், பவுத்திரம். போர்வெல். வீட்டிலிருந்தபடியே மாதம் 30,000. நான்காவது ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி, 'சேர்க்கை நடைபெறுகிறது'. மிச்சம் பதின்மூன்று ஆணியும் போன வருடத்து மூலத்துக்கும் அதற்கு முந்தின வருடத்து பவுத்திரத்துக்கும் நினைவுச் சின்னம்.

அந்தப் பள்ளியில் மரம் வளர்ப்போம் என்று பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். எழுதும். பரிசும் கொடுப்பார்கள். ஆணி அடித்த ஆளுக்குக் கூலி, அதே பிள்ளைகள் கட்டிய ஃபீஸ்.

கொஞ்சம் தள்ளி, கண்மாய்க்கு உள்ளேயே முளைத்த மாதிரி ஒரு பெரிய போர்டு. லேக் வியூவாம். தவணை முறையாம். கார்த்திகை மாதம் வந்து பாருங்கள். வியூ வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

இறந்தவர்களையும் விடுவதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இறந்தவர் ஒரு மூலையில் ஆதார் அட்டைப் படமாக இருப்பார். அஞ்சலி செலுத்துகிறவர்கள் ஸ்டூடியோ வெளிச்சத்தில் பளபளப்பாக நிற்பார்கள். வெளியூர்க்காரன் பார்த்தால் செத்தது யார் என்று குழம்புவான். கூட்டத்தில் ஒருத்தர் சிரித்துக்கொண்டு வேறு இருப்பார். கையில் இருந்த ஒரே படம் அதுவாம்.

இதையெல்லாம் சிரித்துத் தாண்டிவிடலாம். ஒன்றைத் தாண்ட முடியவில்லை.

ஆரம்பப் பள்ளிக்கு எதிரே, மூன்று மாதத்துக்கு முன்னால், எட்டடி பேனர். பூப்புனித நீராட்டு விழா. பதின்மூன்று வயதுப் பிள்ளை. பட்டுப் புடவை சுற்றி, நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தாய்மாமன் வகையறா இருபது பேர், ஆளுக்கொரு கூலிங் கிளாஸ். பின்னால் சிங்கம் வேறு. அந்தப் பிள்ளையின் உடம்பில் நடந்த ஒன்றை, டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன், லாரி டிரைவர், அவளோடு படிக்கும் பையன்கள், எல்லோருக்கும் எட்டடியில் அறிவித்தாயிற்று. மறுவாரம் அவள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனாள். தலையைக் குனிந்துகொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஏறி மிதித்தால் நிமிர வேண்டியிருக்குமே. உன் படத்தை ரோட்டில் வைக்கலாமா என்று அவளிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிளக்ஸ் கடைக்காரர் முகத்தை வெளுப்பாக்கியிருந்தார். பருவை அழித்திருந்தார். சிரிப்பை மட்டும் அவராலும் வரவழைக்க முடியவில்லை.

கோபம் வந்தது. கோபம் வந்தால் தமிழன் என்ன செய்வான்? மனு எழுதுவான்.

ஊராட்சி ஆபீசில் ஆரம்பித்தேன். "ஊர்ப் பலகையை மறைச்சிருக்காங்க, எடுத்துக் குடுங்க" என்றேன். கிளர்க் நல்ல மனிதர். நாற்காலி போட்டார். "அது ஹைவேஸ் எடம் சார், நம்ம கை வைக்க முடியாது." குரலைத் தாழ்த்தினார். "கீழ் வரிசைல மூணாவது ஆளு என் மச்சினன். வீட்டுல பேச்சு வாங்க முடியாது சார்."

நெடுஞ்சாலைத் துறையில் சொன்னார்கள்: "பலகை எங்களுது. பேனர் எங்களுதில்ல."

மின்வாரியத்தில் சொன்னார்கள்: "கம்பத்துல ஏறியிருந்தா எங்க கேஸ். இது தரையில நட்டு, கம்பத்துல சாஞ்சிருக்கு. சாயறதுக்கு ரூல் இல்லையே."

கடைசியில் காவல் நிலையம்.

"யார் மேல புகார்?"

"பேனர் வச்சவங்க மேல."

"பேரு தெரியுமா?"

"பேனர்லயே இருக்கு சார். இருபத்தாறு பேரு. போட்டோவும் இருக்கு. போன் நம்பரும் போட்டிருக்காங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதினார்: 'அடையாளம் தெரியாத நபர்கள்'.

உலகத்தில் எந்தக் குற்றவாளியாவது தன் பெயர், பதவி, படம், செல்போன் எண் நான்கையும் கலரில் அச்சடித்து, குற்றம் நடந்த இடத்திலேயே கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறானா? அவனைப் பிடிக்க மோப்ப நாயா வேண்டும்? கண்ணாடி போதும். சாளேஸ்வரக் கண்ணாடி.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசிலும் வரிசையில் நின்று கொடுத்தேன். செல்போனுக்கு எண் வந்தது. இரண்டரை மாதம் கழித்துப் பதிலும் வந்தது. புலத்தணிக்கை செய்தார்களாம். 'மேற்படி கிராமப் பெயர்ப் பலகை நல்ல நிலையில் உள்ளது' என்று கண்டறிந்தார்களாம். மனு முடித்து வைக்கப்பட்டது.

பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. பலகை உண்மையிலேயே நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஏழு மாதமாக வெயிலே படவில்லை.

சட்டம் இல்லாமலா? இருக்கிறது. பொது இடங்களின் அழகைக் கெடுக்காதே என்று 1959-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. அரசு ஊழியராக இருந்திருந்தால் அந்தச் சட்டம் எப்போதோ ரிடையர் ஆகியிருக்கும். ஆகித்தான் விட்டது. எதிர்க்கட்சிக்காரன் போஸ்டர் ஒட்டினால் மட்டும் மறுபணியமர்த்தம் செய்து ஒரு நாள் வேலை வாங்குவார்கள். சாயங்காலம் மறுபடி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நீதிமன்றமும் சொல்லிப் பார்த்துவிட்டது. உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். அது என்ன ஆயிற்று என்று அறிய வக்கீலைப் பார்க்க வேண்டாம். வாசலுக்கு வந்தால் போதும். பொது இடத்தில் நிரந்தரமாக நட்ட கட்சிக் கொடிக்கம்பங்களைப் பிடுங்குங்கள் என்று 2025 ஜனவரியில் மதுரைக் கிளை சொன்னது. அந்த நீதிமன்றம் இருப்பது ஒத்தக்கடையில். எங்கள் ஊருக்கு முக்கால் மணி நேரப் பஸ். தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. புறப்பட்டுத்தான் இருக்கும். பலகை தெரியாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கியிருக்கும்.

இதுவரை சிரித்தது போதும்.

2019 செப்டம்பர் 12. சென்னை பள்ளிக்கரணை. 23 வயதுப் பெண், மென்பொருள் பொறியாளர், வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனார். சாலை நடுவில் வரிசையாகக் கல்யாண பேனர். அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணம். ஒன்று சரிந்து அவர்மேல் விழுந்தது. அவர் சாலையில் விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. சாலையை நனைக்க இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்ற பொருளில் உயர்நீதிமன்றம் அரசைக் கேட்டது. கட்சிகள் பாய்ந்து வந்து உறுதிமொழி கொடுத்தன. இனி பேனரே இல்லை என்றார்கள். வைப்பவர் வீட்டு விசேஷத்துக்கு வர மாட்டோம் என்றார்கள். மாநிலமே நெகிழ்ந்தது. பேனர் வைத்தவரைப் பிடிக்க மட்டும் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆயிற்று.

நெகிழ்ச்சி எத்தனை நாள் தாங்கியது? ஒரு மாதம் ஆவதற்குள் அரசே நீதிமன்றத்துக்குப் போனது. மாமல்லபுரத்துக்கு இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் வருகிறார்கள், வரவேற்பு பேனர் வைக்க அனுமதி வேண்டும் என்று. அனுமதியும் கிடைத்தது. நரசிம்மவர்மன் காலத்தில் மலையைக் குடைந்து வைத்த ஊர். ஆயிரத்து முன்னூறு வருடமாக அந்தக் கல் வரவேற்காத விருந்தாளியை நம் பிளக்ஸ் வரவேற்க வேண்டியிருந்தது.

2021 ஆகஸ்ட். விழுப்புரம். அதற்குள் ஆட்சி மாறியிருந்தது, கழகம் மாறியிருந்தது. மறுபடியும் ஒரு பிரமுகர் வீட்டுக் கல்யாணம். கொடிக்கம்பம் நட ஒரு சிறுவனை வைத்துக்கொண்டார்கள். 13 வயது. கம்பம் மேலே போன மின்கம்பியில் பட்டது. அவ்வளவுதான். பேனா பிடிக்க வேண்டிய கை கட்சிக் கொடியைப் பிடித்தபடி கருகியது. மறுபடியும் அறிக்கை, மறுபடியும் வேண்டுகோள், ஆடம்பரம் வேண்டாம் கண்மணிகளே என்று. 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகையின் இரும்புச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளிகள் செத்தார்கள். இந்த மூன்று பேருக்கும் சாலையில் எட்டடி பேனர் வைத்தவர் யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. எட்டடி இவர்களுக்கில்லை. ஏணியில் ஏறுகிற சாதி இவர்கள். சாதி என்றால் நீங்கள் நினைக்கும் சாதி இல்லை. நீங்கள் நினைப்பதும்தான்.

அரசு சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக்கை ஒழித்தே தீருவது என்று 2019 ஜனவரி முதல் தேதி பதினான்கு பொருட்களைத் தடை செய்தார்கள். டீக்கடை பார்சல் கவர், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட். எங்கள் ஊர்ப் பூக்காரம்மாவிடம் கேரி பேக் பிடித்து அபராதம் போட்டார்கள். அந்தம்மா பூவைத் தாமரை இலையில் கட்டத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. அவர் தலைக்கு மேலே நூற்றிருபது சதுர அடிப் பிளாஸ்டிக் கைகூப்பி நிற்கிறது. 2022 ஜூலையில் அமலுக்கு வந்த மத்திய அரசின் தடைப் பட்டியலில் பேனரும் இருந்தது. மகிழாதீர்கள். 100 மைக்ரானுக்குக் குறைவானதுதான் தடை. அதாவது பேனர் மெலிந்திருந்தால் குற்றம். தடித்திருந்தால் பரவாயில்லை. நம் அரசியலில் எல்லாவற்றுக்கும் அதுதானே அளவு.

அதே 2022-ல் 'நம்ம ஊரு சூப்பரு' என்று கிராமச் சுத்தத்துக்கு ஓர் இயக்கம் நடத்தினார்கள். நல்ல காரியம். அதற்கும் பேனர். எங்கள் ஊர் பேனர் ஆடிக் காற்றில் கிழிந்து, வாய்க்காலில் விழுந்து, மடையை அடைத்துக்கொண்டது. சூப்பர் என்ற எழுத்துக்கு மேல் தண்ணீர் தேங்கி, கொசு முட்டையிட்டது.

காகிதப் போஸ்டர் காலத்தில் எங்கள் ஊரில் 1959-ஆம் வருடச் சட்டத்தை அமல்படுத்த ஓர் அதிகாரி இருந்தார். மாடு. மைதாவைக் காய்ச்சி ராத்திரி ஒட்டிவிட்டுப் போவார்கள். விடியும்போது மாடு வந்து கட்சி பேதம் பார்க்காமல் தின்று முடிக்கும். லஞ்சம் வாங்காது. மேலிடத்துக்குப் போன் போட்டாலும் கேட்காது. பசையில் மயில்துத்தத்தைக் கலந்து அதற்கும் வைத்தார்கள் வேட்டு. பிறகு பிளக்ஸ் வந்தது. அதிகாரிக்கு வேலை போயிற்று. போட்ட உத்தரவுகளிலேயே இந்த ஊரில் ஒழுங்காக நடந்த டிஸ்மிஸ் அது ஒன்றுதான்.

மாங்குளம் மலை எங்களுக்கு எட்டும் தூரம். அங்கே பாறையில் தமிழ்பிராமி எழுத்து இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்டது. நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. ஒரு கணக்கில் அதுவும் விளம்பரம்தான். துறவிக்கு இன்னார் செய்து கொடுத்தது என்ற சேதி. ஆனால் முதலில் பாறையைச் செதுக்கிப் படுக்கை வெட்டினார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க மேலே காடி வெட்டினார்கள். எல்லாம் முடிந்து, ஒன்றிரண்டு வரி. பாண்டியன் படம் இல்லை. இவண் இல்லை.

எங்கள் ஊர் நிழற்குடையில் வரி இருக்கிறது. நெற்றி முழுக்க இருக்கிறது. தொகுதி மேம்பாட்டு நிதி, மதிப்பீடு, ஆண்டு, திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், பெருந்திரளாகக் கலந்துகொண்டவர். உட்காரத்தான் இடமில்லை. பெஞ்சுப் பலகை உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்தால் மதிப்பீடு தெரியும்.

ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் எங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரியோடு முடிந்தது. அதிகாரம் தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. பேனரில் மட்டும் எங்கள் ஊராட்சியின் முன்னாள் தலைவர் இன்னும் தலைவர்தான். 'மாண்புமிகு' வேறு. மாண்புமிகுவுக்கு மைக்ரான் கணக்கு ஏதும் இல்லையா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

இதை எடுக்கவே முடியாது, மக்கள் விடமாட்டார்கள், உணர்ச்சிகரமான விஷயம், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆகிவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். நம்பாதீர்கள். தேர்தல் தேதி அறிவித்த அன்று எங்கள் ஊருக்கு வாருங்கள். அரசுக் கட்டடத்தில் 24 மணி நேரம். பொது இடத்தில் 48 மணி நேரம். தனியார் சுவரில் 72 மணி நேரம். தேர்தல் ஆணையம் வைத்த கெடு. அதற்குள் எல்லாம் காணாமல் போகும். ஹைவேஸ் இடமா, ஈபி கம்பமா என்ற கேள்வியே எழாது. மச்சினன் முகத்தை மச்சானே கழற்றுவார். சுண்ணாம்பு வாளியோடு ஆள் வரும். கட்சிகளின் பெயரில் ரிசர்வ் ஆகியிருந்த சுவரெல்லாம் வெள்ளையாகும். ஐந்து வருடம் முடியாத வேலை மூன்று நாளில் முடியும். கலவரம் இல்லை. ஒரு கண்ணாடி உடையாது. அந்த ஒன்றரை மாதம் எங்கள் ஊரை நாங்களே பார்த்துக்கொள்வோம். அடேயப்பா, இங்கே ஒரு வேப்பமரமா என்று இருக்கும்.

சுண்ணாம்பு யார் காசு என்று கேட்காதீர்கள். உங்கள் காசுதான். என் காசும்.

எண்ணிக்கை முடிந்த அன்றே திரும்ப வந்துவிடுவார்கள். 'வாக்களித்த நல்லுள்ளங்களுக்கு நன்றி.' நன்றி பத்துக்குப் பன்னிரண்டு.

பேனரால் யாருக்கும் பயனில்லை என்று எழுதினால் தெற்குத் தெரு அப்பத்தா கோபித்துக்கொள்வார். அவர் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மூன்று பேனர். நடுவில் ஒரு முன்னாள் அமைச்சர் தலைகீழாக இருக்கிறார். மழைக்காலத்தில் அமைச்சர் வயிற்றில் தண்ணீர் தேங்கும். அப்பத்தா கம்பால் குத்தித் தள்ளுவார். "பழசு நல்லா இருந்துச்சுய்யா. போன எலக்சனுக்கு முந்தின எலக்சன் பேனரு, இன்னும் ஒழுகல. இப்ப வாரதெல்லாம் சல்லடை" என்றார். வீடு கேட்டு அவர் கொடுத்த மனுக்கள் ஒரு மஞ்சள் பையில் இருக்கின்றன. பையின் மேல் ஜவுளிக்கடை விளம்பரம். அரசாங்கத்திலிருந்து அவர் தலைக்கு மேல் வந்து சேர்ந்த ஒரே கூரை அந்த அமைச்சர்தான், அதுவும் கிழிந்த பிறகு.

நான் ஒரு தப்புக் காரியம் செய்தேன். ஒப்புக்கொள்கிறேன். பழைய எண்ணெய் டின்னைத் தட்டி நீட்டி, கறுப்பு பெயிண்டில் ஊர்ப் பெயரை எழுதினேன். ஒன்றரை அடிக்கு ஓரடி. என் பெயர் போடவில்லை. படம் போடவில்லை. மீசைக்கு முன்னால், ஓரமாக, ஒரு கம்பில் கட்டி நட்டேன். ராத்திரி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு உதவுமே என்று.

மூன்றாம் நாள் காலையில் ஜீப் வந்தது. அனுமதி பெறாத பலகையாம். சாலை எல்லைக்குள் நட்டது குற்றமாம். பிடுங்கி, ஜீப்பில் போட்டுக்கொண்டார்கள். பிடுங்குகிறவர் கால் வழுக்காமல் இருக்க மீசைக்காரரின் சவுக்குக் கம்பைத்தான் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விட்டதும் பேனர் லேசாக ஆடியது. "பாத்து, பாத்து" என்று இன்னொருவர் ஓடி வந்து அதை நேராக நிறுத்தினார்.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் பேனர் மாறிவிட்டது. வேறு ஆள், வேறு பிறந்தநாள், அதே கம்பு. புதியவருக்கு மீசை கிடையாது. சனிக்கிழமை ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். "மீசையெல்லாம் எந்திரி" என்றார் கண்டக்டர். எழுந்து படிக்கட்டுக்குப் போனோம். டிரைவர் மீசையைத் தேடிக்கொண்டே ஓட்டினார். பஸ் நிற்கவில்லை. அடுத்த ஊரில் இறங்கினோம். ஆறு பேர், அதில் ஒரு கைக்குழந்தைக்காரி. இரண்டரை கிலோமீட்டர், இருட்டில், நடந்தே வந்தோம். திருப்பத்தில் மட்டும் நல்ல வெளிச்சம். புது பேனருக்கு ஃபோகஸ் லைட் போட்டிருந்தார்கள். வருக, வருக என்று எழுதியிருந்தது.